கட்டி ரத்தக்குழாயைத் தொடுகிறதா, பிடித்துவிட்டதா? அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய்க் கட்டி இருக்கிறது என்று தெரிந்து, ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்ற பேச்சு தொடங்கியதும், டாக்டர்கள் கட்டியை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாயைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். கூட வந்த குடும்பத்துக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. நான் ஸ்கேன் அறையில் உட்காரும் டாக்டர். ஒலியை அனுப்பி வாங்கும் கருவியான புரோபைக் கையில் வைத்துக்கொண்டே பதில் சொல்லிப் பழகிய கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குக் கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும்.

அப்பாவின் ரிப்போர்ட்டில் "கட்டி ரத்தக்குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் ரத்தத்தில் பரவிவிட்டதா?

இல்லை. அந்த வரிக்கு அப்படிப் பொருள் கிடையாது. இதில் நான்கு படிகள் உண்டு. கட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் கொழுப்பு தெரிவது முதல் படி; அதாவது இடைவெளி இருக்கிறது. கொழுப்பு மறைந்து இரண்டும் ஒட்டினாற்போல் தெரிவது இரண்டாவது. உங்கள் ரிப்போர்ட் சொல்வது இதைத்தான். கட்டி குழாயைச் சுற்றி வளைத்திருப்பது மூன்றாவது. குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே வளர்ந்திருப்பது நான்காவது. முதல் படிக்கும் நான்காவது படிக்கும் சிகிச்சையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவதுதான் தொல்லை பிடித்தது. சுவரோடு சாய்ந்து நிற்பவன் சுவரை இடிக்கிறானா, சும்மா நிற்கிறானா என்று தூரத்திலிருந்து பார்த்துச் சொல்வது போன்ற வேலை அது. இந்தப் பக்கத்தில் பாதி அந்தச் சிக்கலைப் பற்றித்தான்.

ரத்தத்தின் வழியாக நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்குத் தனி ஸ்கேன்கள் இருக்கின்றன.

ஒலியை வைத்து ரத்தக்குழாயை எப்படிப் பார்க்கிறீர்கள்?

மனிதக் காதுக்கு சுமார் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. நாங்கள் பயன்படுத்துவது பத்து லட்சங்களில்: வயிற்றை வெளியிலிருந்து பார்க்க 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், கழுத்து மாதிரி மேலோட்டமான இடத்துக்கு 10-க்கு மேல். புரோபுக்குள் இருக்கும் படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அதிரும். எதிரொலி வந்து மோதினால் அதே படிகம் மின்சாரம் தரும். கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டறிந்த சங்கதி இது. உடலின் மென்திசுவில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டு, எதிரொலி திரும்ப எடுத்த நேரத்தை இயந்திரம் தூரமாக மாற்றிவிடும்.

ஓடும் ரத்தம் ஒலியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்புவதால் குழாயின் உட்பகுதி கறுப்பாகத் தெரியும். சுவர் வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்த வெள்ளைக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வரும்.

ஒரு பேரம் இதில் எப்போதும் உண்டு. அதிர்வெண் கூடினால் படம் கூர்மையாகும், ஆனால் ஒலி ஆழம் போகாது. குறைத்தால் ஆழம் போகும், படம் மங்கும். 3.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.44 மில்லிமீட்டர், 40 மெகாஹெர்ட்ஸில் 0.04. அதனால்தான் புரோபை எப்படியாவது குழாயின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று எல்லோரும் மெனக்கெட்டார்கள்: வாய் வழியாக, மூச்சுக்குழாய் வழியாக, அறுத்த வயிற்றுக்குள், கடைசியில் ரத்தக்குழாய்க்குள்ளேயே.

ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் சிவப்பு என்றால் தமனி, நீலம் என்றால் சிரை. சரிதானே?

தப்பு. ஆனால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பாடப்புத்தகத்துப் படம் அப்படிப் பழக்கிவிட்டது. வழக்கமான அமைப்பில் புரோபை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம். அவ்வளவுதான். புரோபைக் கொஞ்சம் திருப்பினால் அதே குழாய் நிறம் மாறும். வளைந்து போகும் ஒரே தமனி பாதி சிவப்பாகவும் பாதி நீலமாகவும் தெரிவது அன்றாடம். தமனியா சிரையா என்பதை நாங்கள் துடிப்பின் வடிவத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

ஓடும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும். 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் எழுதிய தத்துவம் இது. அந்த மாற்றம் எவ்வளவு என்று பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 5 மெகாஹெர்ட்ஸ் அலை, நொடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் ரத்தத்தில் 60 பாகைக் கோணத்தில் பட்டால் சுமார் 1,600 ஹெர்ட்ஸ் மாற்றம் வரும். அது காதுக்குக் கேட்கிற அளவு! ஸ்கேன் அறையில் "உஷ்... உஷ்..." என்று கேட்கிறதே, அது ரத்தம் ஓடும் சத்தம் இல்லை. அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் உள்ள வித்தியாசத்தை அப்படியே ஸ்பீக்கரில் போட்டது.

நிறமே வரவில்லை என்றால் குழாய் அடைத்துவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். ஒலிக்கற்றை குழாய்க்குச் செங்குத்தாகப் பட்டால் டாப்ளர் மாற்றம் பூஜ்ஜியம் ஆகிவிடும். நன்றாக ஓடுகிற குழாய்கூட வெறுமையாகத் தெரியும். வேக அளவுகோலை அதிகமாக வைத்துவிட்டால் மெதுவாக ஓடும் சிரை மறைந்துபோகும். அளவுகோலை மிகவும் குறைத்தால் நேர்மாறான தொல்லை: நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இல்லாத சுழல் எல்லாம் தெரியும். அதனால் "ஓட்டம் இல்லை" என்று எழுதுவதற்கு முன் கோணத்தை மாற்றி, அளவுகோலை இறக்கி, மெதுவான ஓட்டத்தையும் பிடிக்கும் பவர் டாப்ளர் போட்டு, நோயாளியைத் திரும்பிப் படுக்கச் சொல்லி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி... எல்லாம் செய்து பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் என்று சொன்ன ஸ்கேன் முக்கால் மணி நேரம் இழுப்பது பெரும்பாலும் இதனால்தான். கெட்ட செய்தியால்தான் தாமதம் என்று வெளியே உட்கார்ந்து பயப்பட வேண்டாம்.

கட்டிக்குள்ளேயே நிறைய ரத்த ஓட்டம் தெரிகிறது என்றார்கள். அப்போது புற்றுநோய்தானா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர வேண்டுமானால் தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை வரவழைத்தாக வேண்டும் என்று ஜூடா ஃபோக்மன் 1971-ல் முன்வைத்தார். அப்படி அவசரத்தில் முளைத்த குழாய்கள் கோணல்மாணலாக இருக்கும், சுவரில் ஒழுங்கான தசை இருக்காது, அதனால் ரத்தம் தடையில்லாமல் பாயும். டாப்ளரில் அந்த ஒழுங்கின்மை பல சமயம் தெரியும். ஆனால் வீக்கம் கண்ட நெறிகட்டியிலும் ஓட்டம் கூடும். கணையப் புற்றுநோய் மாதிரி சில கட்டிகளில் நார்த்திசு அதிகம், ஓட்டம் குறைவாகத்தான் தெரியும். இது ஒரு தடயம். தீர்ப்பு, திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில்.

கணையப் புற்றுநோயில் மட்டும் ஏன் ரத்தக்குழாயைப் பற்றி இத்தனை பேச்சு?

கணையம் இருக்கும் இடம் அப்படி. அதன் தலைப்பகுதிக்கும் கழுத்துக்கும் பின்னால், கிட்டத்தட்ட உரசிக்கொண்டே, பெரிய குழாய்கள் ஓடுகின்றன. குடலிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் சிரையை டாக்டர்கள் எஸ்.எம்.வி. என்பார்கள், அது மண்ணீரலிலிருந்து வரும் சிரையோடு கூடி போர்ட்டல் சிரையாகி கல்லீரலுக்குப் போகிறது. அதன் பக்கத்திலேயே குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் எஸ்.எம்.ஏ. என்ற தமனி. கொஞ்சம் மேலே சீலியாக் தமனியும் கல்லீரல் தமனியும். இந்த நெருக்கத்தில் 2 சென்டிமீட்டர் கட்டிகூட எதையாவது தொடும்.

தமனிக்கும் சிரைக்கும் மரியாதை வேறு. சிரையைக் கட்டி பிடித்திருந்தால், அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைத்துத் தைக்கவோ, வேறு குழாய்த் துண்டு வைத்துத் தைக்கவோ அனுபவமுள்ள அறுவைசிகிச்சை நிபுணரால் முடியும். எஸ்.எம்.ஏ.வைச் சுற்றிவிட்டால் கதை வேறு. அதை வெட்டித் தைப்பது ஆபத்து அதிகம், கிடைக்கும் பலனும் சந்தேகம். அதனால்தான் ரிப்போர்ட்டில் "180 பாகை" என்ற எண் வருகிறது. குழாயைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் ஒரு வட்டம். அதன் சுற்றளவில் பாதிக்குக் குறைவாகக் கட்டி ஒட்டியிருக்கிறதா, பாதியைத் தாண்டிவிட்டதா என்ற கணக்கு அது. எஸ்.எம்.ஏ.வில் பாதிக்கு மேல் போயிருந்தால் பொதுவாக முதலில் ஆபரேஷன் கிடையாது. பாதிக்குள் என்றால் எல்லைக்கோட்டில் இருக்கிறது. முதலில் கீமோ கொடுத்துப் பிறகு பார்ப்பதே பெரும்பாலும் வழக்கம். சிரையில் பாதியைத் தாண்டியிருந்தாலும், திரும்பத் தைக்க இரண்டு பக்கமும் நல்ல குழாய் மிச்சமிருந்தால் கதவு மூடிவிடவில்லை.

சி.டி. எடுத்துப் படமும் கையில் இருக்கிறது. இப்போது எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் வேறு எதற்கு?

நியாயமான கேள்வி. ரத்தக்குழாய் விஷயத்தில் முதல் சாட்சி சி.டி.தான், கணையத்துக்கென்று நேரம் குறித்து கான்ட்ராஸ்ட் என்ற சாய மருந்து ஏற்றி எடுத்த, மெல்லிய வெட்டுகளாக வரும் சி.டி. 1990-களில் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் சி.டி.யைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று பலர் நம்பினார்கள். அப்புறம் சி.டி. இயந்திரங்கள் வேகமாக முன்னேறிவிட்டதால் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது.

ஆனாலும் இதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. எண்டோஸ்கோப் குழாயின் நுனியில் சிறிய புரோப் இருக்கும். இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் அதை நிறுத்தினால் கணையம் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. நடுவில் கொழுப்பு இல்லை, எலும்பு இல்லை, குடல் காற்றும் பெரிய தொல்லை இல்லை. அதிக அதிர்வெண்ணை நிம்மதியாகப் பயன்படுத்தலாம். சி.டி.யில் சரியாகத் தெரியாத 2 சென்டிமீட்டருக்கும் குறைந்த கட்டிகள் இதில் தெரிவதுண்டு. அதே உட்காரலில் ஊசி விட்டு பயாப்சியும் எடுத்துவிடலாம். ஊசி போகும் வழியில் குழாய் எதுவும் குறுக்கே இல்லை என்று டாப்ளரில் பார்த்துக்கொண்டே குத்துவார்கள்.

இப்போது அந்த வெள்ளைக் கோட்டுக்கு வருவோம். திரையில் கட்டி சாம்பல் நிறத்தில், ஓரம் கரடுமுரடாக இருக்கும். கீழே போர்ட்டல் சிரை கறுப்புப் பட்டையாக ஓடும். இரண்டுக்கும் நடுவில் பளிச்சென்று ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு விட்டுப்போகாமல் வந்தால், குழாய் தப்பித்தது என்று பெரும்பாலும் நம்பலாம். கோடு ஓர் இடத்தில் மட்டும் காணாமல் போய் அங்கே சாம்பலும் கறுப்பும் நேரடியாக ஒட்டினால் சந்தேகம். சுவர் உள்பக்கமாகப் பல்லுப் பல்லாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். கறுப்புக்குள்ளேயே சாம்பல் நிறக் கட்டி நீட்டிக்கொண்டு நின்றால் அதில் விவாதமே இல்லை. சிரை அடைபட்டு, சுற்றுவழியாகப் பக்கக்குழாய்கள் புடைத்திருப்பதும் ஒரு சாட்சிதான்.

பலவீனமும் சொல்ல வேண்டும். போர்ட்டல் சிரையையும் மண்ணீரல் சிரையையும் இது நன்றாகக் காட்டும். எஸ்.எம்.ஏ. ஆழத்தில் இருப்பதால், கட்டி பெரிதாக இருந்தால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கட்டியைச் சுற்றி அழற்சி இருந்தாலும் வெள்ளைக் கோடு அழிந்துபோகும். மஞ்சள் காமாலைக்காகப் பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்துவிட்டால் அதன் நிழலும் அதைச் சுற்றிய வீக்கமும் படத்தைக் கெடுக்கும். முடிந்தால் ஸ்டென்டுக்கு முன் இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது. ஆனால் காமாலையோடு காய்ச்சலும் குளிரும் இருந்தால் படத்துக்காக ஸ்டென்டைத் தள்ளிப்போடக் கூடாது.

சி.டி. ஒன்று சொல்கிறது, எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் வேறு சொல்கிறது. யாரை நம்புவது?

இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே முடிவு செய்யப் பார்க்காதீர்கள். இரண்டு படங்களையும் அறுவைசிகிச்சை நிபுணரும் கதிரியக்க நிபுணரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். எழுதிய வார்த்தையைவிடப் படம் பெரிது. "சேர்ந்து பார்த்தீர்களா?" என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அந்தப் பரிசோதனை வலிக்குமா?

மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள், வலி தெரியாது. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், நீங்களாக நிறுத்தவும் கூடாது. முடிந்ததும் தொண்டை ஒரு நாள் கரகரக்கும். ஊசி போட்டு எடுத்தால் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குக் கணைய அழற்சியோ ரத்தக்கசிவோ வரலாம். குடலில் ஓட்டை விழுவது அரிது. வீட்டுக்கு வந்த பிறகு வயிற்றுவலி கூடிக்கொண்டே போனால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

ரத்தக்குழாய்க்குள்ளேயே ஸ்கேன் விடுவார்களாமே?

ஆமாம். ஐவஸ் என்று இதயக் குழாய்களில் தினமும் செய்வதுதான். மெல்லிய வடிகுழாயின் நுனியில் புரோப், 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 60 வரை. இதைக் கணையத்துக்கு முயன்று பார்த்தவர்கள் ஜப்பானில் நகோயா நகரத்து அறுவைசிகிச்சை நிபுணர்கள்; 1990-களில் போர்ட்டல் சிரைக்குள் விட்டு, சுவரின் வெள்ளைக் கோட்டை உள்ளிருந்து பார்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் ஒரு கோடு; உள்ளிருந்து பார்த்தால் அது முழு வளையம். வளையம் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கைமேல் காட்டும். படம் அருமை. ஆனால் அதற்காகப் போர்ட்டல் சிரைக்குள் நுழைய வேண்டியிருக்கிறதே, சும்மா செய்கிற வேலையா அது? சி.டி. நன்றாகிவிட்டதால் இது அன்றாடப் பழக்கத்துக்கு வரவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அம்மாவுக்குக் கல்லீரல் புற்றுநோய். போர்ட்டல் சிரையில் ஏதோ உறைந்திருக்கிறதாம். அது ரத்தமா, கட்டியா?

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள், ஏனென்றால் மொத்த சிகிச்சையும் இதில் திரும்புகிறது. கல்லீரல் சுருங்கி இறுகிப்போன சிரோசிஸ் நோயாளிக்குப் போர்ட்டல் சிரையில் ரத்தம் மந்தமாக ஓடும். அதில் சும்மாவே ரத்தம் உறையலாம். புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். மாறாக, கட்டியே சிரைக்குள் வளர்ந்து வந்திருந்தால் நோய் முற்றிய படியில் வைக்கப்படும். கல்லீரல் மாற்று அறுவைசிகிச்சையும் பொதுவாகக் கைவிடப்படும்.

சாதாரண ஸ்கேனில் இரண்டும் சாம்பல் நிற அடைப்பாகவே தெரியும். சில குறிப்புகள் உண்டு: கட்டியாக இருந்தால் சிரை உப்பியிருக்கும், கட்டியோடு தொடர்ச்சி தெரியும். டாப்ளரில் அந்த அடைப்புக்குள்ளேயே தமனித் துடிப்பு கிடைத்தால் கிட்டத்தட்ட உறுதி. வெறும் ரத்த உறைவுக்குள் தமனி எங்கிருந்து வரும்? ஆனால் அந்தத் துடிப்பு எல்லா நேரமும் கிடைக்காது.

அங்கேதான் நுண்குமிழி ஊசி கைகொடுக்கிறது; ரத்தத்தில் கலந்து ஓடி, ஸ்கேனில் பளிச்சென்று தெரியும் நுண்ணிய வாயுக் குமிழிகள் அதில் இருக்கும். கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரையிலிருந்து வருவது. கால் பங்குதான் தமனி. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோயோ பெரும்பாலும் தமனியைத்தான் உறிஞ்சும். கைச் சிரையில் குமிழி மருந்தைச் செலுத்தி, நொடிகளை எண்ணத் தொடங்குகிறோம். பத்து, பதினைந்து, இருபது நொடியில் தமனி வழியாகக் குமிழி வந்து சேரும். அந்தக் கணத்தில் சிரைக்குள் இருக்கும் அடைப்பு மினுக்கென்று ஒளிர்ந்தால் அது கட்டி. சுற்றியுள்ள கல்லீரல் முழுவதும் வெளுத்து, அடைப்பு மட்டும் கடைசிவரை கறுப்பாகவே கிடந்தால் ரத்த உறைவு. பல சமயம் நோயாளியின் மகனோ மகளோ அறையில் நின்று அந்தத் திரையைப் பார்ப்பார்கள். அரை நிமிடம் யாரும் பேச மாட்டோம்.

அந்தக் குமிழி மருந்து பாதுகாப்பானதா? அம்மாவுக்குச் சிறுநீரகமும் பலவீனம்.

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இது மிகவும் தோது. குமிழிக்குள் இருப்பது சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு போன்ற வாயு, வெளியே மெல்லிய கொழுப்பு உறை. சராசரி அளவு 2.5 மைக்ரான்; சிவப்பணுவே 7, 8 மைக்ரான் இருக்கும், ஆகவே எங்கும் அடைத்துக்கொள்ளாது. வாயு நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறிவிடும், கால் மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை. சி.டி. கான்ட்ராஸ்டில் இருக்கும் அயோடினும் இதில் கிடையாது. கடுமையான ஒவ்வாமை மிக அரிதாக வரலாம் என்பதால் அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போடுவோம். முன்பு இப்படி ஊசியில் ஒவ்வாமை வந்திருந்தாலோ, கடுமையான இதய நுரையீரல் கோளாறு இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிறுநீரகப் புற்றுநோய் இதயம் வரை போகும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

கேட்கப் பயமாக இருந்தாலும் உண்மைதான், சிலருக்கு மட்டும். சிறுநீரகக் கட்டிக்குச் சிரைக்குள் கொடி மாதிரி வளரும் குணம் உண்டு. சிறுநீரகச் சிரையிலிருந்து கீழ்ப் பெருஞ்சிரைக்குள் நுழைந்து, அதன் வழியே மேலேறி, அரிதாக இதயத்தின் வலது மேலறை வரை எட்டிப்பார்க்கும். ஆச்சரியம் என்னவென்றால், இவ்வளவு தூரம் வளர்ந்தும் பல பேருக்கு அது சிரையின் சுவரோடு ஒட்டாமல் உள்ளே தொங்கிக்கொண்டு மட்டும் இருக்கும். அப்படியே உருவி எடுத்துவிட முடியும். இங்கே "குழாய்க்குள் போய்விட்டது" என்பது ஆபரேஷனுக்குத் தடை என்று ஆகிவிடாது. கணையத்தில் இருக்கும் கணக்கு இங்கே செல்லாது.

அதன் தலை எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. கல்லீரலுக்குக் கீழேயா, மேலேயா, உதரவிதானத்தைத் தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் இதய அறுவைசிகிச்சைக் குழுவும் தயாராக இருக்க வேண்டும். ஆபரேஷன் நடக்கும்போது உணவுக்குழாய்க்குள் எக்கோ புரோபை விட்டு அந்தத் தலையைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு துண்டு உடைந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், முதல் கத்தி வைப்பதிலிருந்து சிரையைக் கவ்விப் பிடிக்கும்வரை ஒருவர் கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கழுத்தில் கட்டி. புரோபை வைத்து அமுக்கிக்கொண்டு "எச்சில் விழுங்குங்கள்" என்றார். எதற்கு?

கட்டி தனியாக நகர்கிறதா என்று பார்க்கத்தான். கழுத்தின் பெரிய தமனிமேல் கட்டி சும்மா படுத்திருந்தால், விழுங்கும்போதும் அமுக்கும்போதும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். ஒட்டிவிட்டால் ஒன்றாகவே அசையும். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் நின்றுபோன படங்கள். இந்த வழுக்கலை அவை காட்டாது. கையில் புரோப் இருப்பதன் அருமை இதில்தான் தெரியும். பக்கத்துச் சிரையையும் அமுக்கிப் பார்ப்போம். நல்ல சிரை தட்டையாகிவிடும், உள்ளே ஏதாவது வளர்ந்திருந்தால் அமுங்காது.

கீமோவுக்குப் பிறகும் "குழாயைச் சுற்றிய திசு அப்படியே இருக்கிறது" என்கிறார்கள். மருந்து வேலை செய்யவில்லையா?

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். செத்துப்போன கட்டி இருந்த இடத்தில் தழும்பு மிஞ்சும். உயிருள்ள கட்டியும் தழும்பும் சி.டி.யில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தெரியும்; அல்ட்ராசவுண்டும் விதிவிலக்கல்ல. அதனால் ரத்தப் பரிசோதனையில் புற்றுநோய்க் குறியீட்டுப் பொருளின் அளவு இறங்கியிருக்கிறதா, கட்டி சுருங்கியிருக்கிறதா, ஆள் தெம்பாக இருக்கிறாரா என்பதையும் சேர்த்துப் பார்த்து, சில சமயம் வயிற்றைத் திறந்து பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

வயிற்றைத் திறந்த பிறகும் ஸ்கேன் செய்வார்களா?

கல்லீரலில் கண்டிப்பாக. கையால் தடவித் தெரியாத கட்டியும், அதன் பக்கத்தில் ஓடும் கல்லீரல் சிரையும் புரோபை நேராகக் கல்லீரல்மேல் வைத்தால் தெளிவாகத் தெரியும். 1980-களில் ஜப்பானின் மசதோஷி மகுச்சி இந்த முறையை வைத்து, கல்லீரலை அதன் ரத்தக்குழாய்ப் பாதையை ஒட்டிச் சிறு பகுதியாக வெட்டி எடுக்கும் வழியைக் காட்டினார். எங்கே வெட்டினால் எந்தக் குழாய் மிஞ்சும் என்று பார்த்துப் பார்த்து வெட்டுவது. லேப்ராஸ்கோபி ஓட்டை வழியாக நுழையும் மெல்லிய புரோப்களும் இப்போது இருக்கின்றன.

ஸ்கேனில் குழாய் சுத்தம் என்றார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பயாப்சி ரிப்போர்ட்டில் "ரத்தக்குழாய் ஊடுருவல் உள்ளது" என்று வந்திருக்கிறதே?

இரண்டும் வேறு வேறு குழாய்கள். ஸ்கேன் பேசுவது பெயர் உள்ள, கண்ணால் பார்க்கக்கூடிய பெரிய குழாய்களை. பயாப்சி பேசுவது நுண்நோக்கியில் மட்டும் தெரியும் மயிரிழைக் குழாய்களுக்குள் புற்றணுக்கள் இருப்பதை. அதை எந்த அல்ட்ராசவுண்டாலும் முன்கூட்டிப் பார்க்க முடியாது. ஸ்கேன் செய்தவர் தவறவிட்டார் என்று அர்த்தமில்லை. மேற்கொண்டு கீமோ வேண்டுமா என்ற முடிவுக்கு அந்த வரி உதவும்.

கால் வீங்கியிருக்கிறது, காலுக்கு டாப்ளர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலுக்கும் பரவிவிட்டதா?

இல்லை, அது வேறு சோதனை. புற்றுநோய் இருப்பவர்களுக்கு ரத்தம் எளிதில் உறையும். 1860-களிலேயே பிரெஞ்சு மருத்துவர் அர்மான் ட்ரூசோ இதைக் கவனித்துச் சொன்னார். பிறகு தன் உடம்பிலேயே அந்த அறிகுறியைக் கண்டு, 1867-ல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். ஒரு பக்கம் மட்டும் கால் வீங்கினால் அன்றைக்கே ஸ்கேன் பார்த்துவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

செய்கிறவரைப் பொறுத்து முடிவு மாறுமா?

மாறும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சி.டி.யில் இயந்திரம் படம் எடுக்கிறது, பிறகு பத்துப் பேர் பார்க்கலாம். அல்ட்ராசவுண்டில் கை எங்கே போகிறதோ அதுதான் படம். அதிலும் ரத்தக்குழாய் ஒட்டியிருக்கிறதா என்பது அனுபவம் கேட்கிற விஷயம். பருமனான உடம்பு, வயிற்றில் காற்று, முந்தைய ஆபரேஷன் தழும்பு எல்லாம் சேர்ந்தால் தேர்ந்த கையும் திணறும். அப்படித் திணறினால் "சரியாகத் தெரியவில்லை" என்று எழுதுவதுதான் நேர்மை. தெரியாததைத் தெரிந்ததாக எழுதிய ரிப்போர்ட்டைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது என்ன கேட்பது?

எந்தக் குழாய், தமனியா சிரையா என்று முதலில் கேளுங்கள். தொடுகிறதா, சுற்றியிருக்கிறதா, உள்ளே போயிருக்கிறதா. சுற்றளவில் பாதிக்குள்ளா, மேலா என்பது அடுத்தது. படம் எடுத்தது ஸ்டென்டுக்கு முன்பா பின்பா, கீமோவுக்கு முன்பா பின்பா என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஒரு தாளில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்து, "இது குழாய் என்றால் கட்டி எங்கே இருக்கிறது, வரைந்து காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் ஒரு பெண் அப்படிக் கேட்டார். ரிப்போர்ட்டில் நான் இரண்டு பத்தியில் எழுதியிருந்ததை வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வளைவாக வரைந்து கொடுத்தேன். "இவ்வளவுதானா?" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் இருந்தது. அதிலிருந்து நான் மேசைமேல் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.